மூச்சும் பேட்டரியும்: பொருந்தாத இருவரை வைத்து இளையோர் அறிபுனைத் தொடர் எழுதுவது எப்படி

பொருந்தாத இருவரைச் சேர்த்து ஒரு சாகசத்துக்கு அனுப்புவது இளையோர் அறிவியல் புனைகதையில் பழைய வித்தை. ஒருவர் முன்கோபி, மற்றவர் நிதானி. ஒருவர் ஓயாமல் பேசுவார், மற்றவர் வாயே திறக்க மாட்டார். முதல் புத்தகம் இதை வைத்தே ஓடிவிடும். இரண்டாவதில்தான் சிக்கல். இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள், இனி எதற்குச் சண்டை போடுவார்கள்? எழுதுபவர் புதுப்புது வில்லன்களைக் கொண்டுவருவார். மூன்றாவது புத்தகத்தில் தொடர் நின்றுவிடும்.

குணத்தில் வைத்த பொருத்தமின்மை நட்பு வந்ததும் கரைந்துவிடுவதுதான் காரணம். உடம்பிலும் இயற்பியலிலும் வைத்தது கரையாது. எவ்வளவு பாசம் வந்தாலும் ஒருத்திக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு நிற்காது, மற்றதன் பேட்டரி ஏறாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. தெளிவுக்காக ஒரே எடுத்துக்காட்டுத் தொடரைக் கடைசிவரை கட்டிக்கொண்டு போவோம். பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் 16 வயதுப் பெண் ஜெயராணி. மன்னார் வளைகுடாவில் மாதக்கணக்கில் தனியாக அலையும் கடல் ஆய்வு மிதவை ஒன்று. அதற்கு அவள் வைத்த பெயர் சீலா. ஒல்லியாக, நீளமாக இருப்பதால் சீலா மீனின் பெயர்.

படி 1: இருவரின் கையிருப்பை எழுதுங்கள்

பாத்திரங்களுக்குப் பிடித்த நிறம், பயம், சிறுவயதுக் காயம் என்று பட்டியல் போடுவதைத் தள்ளி வையுங்கள். மளிகைக் கடைக் கணக்குபோல ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒவ்வொருவரிடமும் எது இருக்கிறது, எது தீர்ந்துபோகும் என்று எழுதுங்கள். ஆளுக்கு ஐந்து வரி போதும்.

ஜெயராணியிடம் இருப்பவை: கைகள், ஆழம் குறைந்த இடங்களில் புகுந்து வரும் உடம்பு, ஊரின் ஆள்பழக்கம், காற்றுக் கணிப்பு. தீர்வது மூச்சு. ஒரு முங்கலுக்கு 55 விநாடி, அதன் பின் இரண்டு நிமிடம் ஓய்வு.

சீலாவிடம் இருப்பவை: மாதக்கணக்கான கடல் வெப்பநிலைப் பதிவு, சலிக்காத பொறுமை, ஆழம். தீர்வது பேட்டரி. கைகள் கிடையாது.

அடுத்து, இருவரையும் பிரிக்கும் கோடு எது என்று பாருங்கள். சறுக்கு மிதவை எனப்படும் இவ்வகை ஆய்வுக் கருவிக்கு உந்துவிசிறி கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை ஒரு பைக்குத் தள்ளியும் இழுத்தும் தன் மிதப்பை மாற்றிக்கொள்ளும். சிறகுகள் இருப்பதால், மூழ்கும்போதும் எழும்போதும் முன்னால் சறுக்கிப் போகும். இதற்கு ஆழம் வேண்டும். பாறைத் திட்டுகளுக்கு மேலே, அங்கே சொல்வதுபோலச் சொன்னால் ‘பார்’ மேலே, சில மீட்டர் தண்ணீரில் அது தரைதட்டிவிடும். ஜெயராணி பாசி எடுப்பதோ அந்தப் பாரில்தான். அவள் இருக்கும் இடத்துக்கு அது வர முடியாது, அது வேலை செய்யும் ஆழத்துக்கு அவள் போக முடியாது. பாரின் விளிம்பு மட்டுமே சந்திக்கும் இடம். இப்படி ஒரு விளிம்பு கிடைத்துவிட்டால் தொடரின் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்றாவதாக, கொடுக்கல் வாங்கல். சீலாவின் பதிவில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது நுழைய முடியாத பாரின் வெப்பநிலை. அங்கே வெப்பமானியை வைத்து எடுத்துவர ஒரு கை வேண்டும். ஜெயராணிக்கு, அம்மா பாசி எடுத்த இடங்கள் ஏன் ஒவ்வொன்றாக வெளுத்துச் சாகின்றன, இன்னும் சாகாத இடம் எது என்று தெரிய வேண்டும். ஆக, அவள் கொடுக்கும் ஒவ்வொரு அளவும் ஒரு மூச்சு. அது கொடுக்கும் ஒவ்வோர் இடக்குறிப்பும் கொஞ்சம் பேட்டரி. இருவருக்கும் உதவி இனாமாகக் கிடைக்கவில்லை.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: இயந்திரத்துக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துவிடுவது. அப்படி வைத்தால் அது கூட்டாளி ஆகாது, பேசும் கலைக்களஞ்சியம் ஆகும். சோதிக்க எளிய வழி உண்டு. எந்த அத்தியாயத்தையும் எடுத்து ஒருவரை நீக்கிப் பாருங்கள். மற்றவர் சற்றுச் சிரமப்பட்டாவது அந்தக் காரியத்தை முடித்துவிட முடிந்தால் அந்த அத்தியாயம் செல்லாது.

படி 2: ஒரு பொய்க்கு மட்டும் அனுமதி

அறிபுனையில் வாசகர் ஒரு பொய்யை மகிழ்ச்சியோடு ஏற்பார். இரண்டாவதைச் சகித்துக்கொள்வார். மூன்றாவதில் புத்தகத்தை மூடிவிடுவார், அதுவும் பதினான்கு வயது வாசகர் சத்தமாக மூடுவார். இந்தத் தொடரின் பொய், அந்த மிதவை தானாக யோசித்து முடிவெடுக்கிறது என்பது. இதை, தொடரின் கணக்குகளைக் குறித்து வைக்கும் பேரேட்டின் (படி 7) முதல் பக்கத்தில் ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள். மற்ற எல்லாம், அதாவது வேகம், ஒலி, அழுத்தம், பேட்டரி, சட்டம், காற்று, உண்மை உலகின் விதிப்படியே நடக்க வேண்டும்.

படி 3: எண்களைத் தடைகளாக மாற்றுங்கள்

தகவலைக் கதைக்குள் கொட்டுவது ஒன்று, தகவலால் கதையை மறிப்பது வேறொன்று. ஓர் எண் கிடைத்ததும் ‘இதனால் எந்தக் காட்சி நடக்க முடியாது?’ என்று கேளுங்கள்.

சறுக்கு மிதவையின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 0.3 மீட்டர். மணிக்கு ஒரு கிலோமீட்டர், நாளுக்கு 25 கிலோமீட்டர் சொச்சம். நடந்து போகும் ஆளே அதை முந்திவிடுவார். பலத்த நீரோட்டம் வந்தால் பின்னால் இழுத்துவிடும். ஆகவே துரத்தல் காட்சி கிடையாது. சீலா உதவிக்கு ‘ஓடி வர’ முடியாது, முந்தாநாளே கிளம்பியிருக்க வேண்டும். முன்கூட்டி நம்பினால்தான் சரியான நேரத்துக்கு வர முடியும் என்பதே ஒரு நல்ல கதைமுடிச்சு.

ரேடியோ அலை கடல்நீரில் அதிக தூரம் போகாது. ஜிபிஎஸ் வேண்டுமானாலும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானாலும் மிதவை மேலே வந்தாக வேண்டும். மேலே வந்தால் கண்ணில் படும், விசைப்படகு இடிக்கும். நீருக்குள் பேச ஒலி மட்டுமே வழி. ஒலி கடல்நீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கேள்வி போய்ச் சேர ஒரு விநாடி, பதில் வர இன்னொன்று.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றில் ஒலி இரு காதுகளுக்கும் சேரும் நேர வித்தியாசத்தைப் பெரிதும் வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். சத்தம் நாலாப்பக்கமும் இருந்து வருவதுபோல் இருக்கும். சீலா கூப்பிடுவது ஜெயராணிக்குக் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. செய்தியை ஒலியாக மாற்றி அனுப்பும் கருவியான ஒலி மோடத்தை 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. வயது ஏற ஏற மிக உயர்ந்த சுருதிகள் காதுக்கு எட்டாமல் போகும். தாத்தா தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு “ஒண்ணும் கேக்கலையே தாயி” என்பார், அவர் சொல்வது பொய்யும் இல்லை. பெரியவர்கள் ஏன் நம்பவில்லை என்பதற்குப் பல தொடர்களில் காரணமே இருக்காது. இங்கே காது காரணம்.

பாரின் மேல் இன்னொரு தொல்லை, கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும் சிறு இறால்கள். எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற அந்த இரைச்சல் ஓயவே ஓயாது. செய்திகளில் எழுத்து விழுந்துபோக இதைவிட நம்பகமான காரணம் தேட வேண்டாம்.

வேறு களம் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக: பூமிக்கும் நிலவுக்கும் ஒரு வழிச் செய்தி 1.3 விநாடி, நிலவின் இரவு நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள், சூரியத் தகடு நம்பியிருக்கும் எந்தக் கூட்டாளியும் அதில் உறங்கிவிடும். செவ்வாய்க்கு ஒரு வழி 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். ஒரு சின்னச் சண்டையைத் தொடங்கி மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் சோறு வெந்துவிடும். 400 கிலோமீட்டர் உயரத்துச் சுற்றுப்பாதையில் ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். தரையில் இருக்கும் கூட்டாளியின் தலைக்கு மேல் தெரிவது சில நிமிடங்களே.

படி 4: நாள்காட்டியும் சட்டமும்

இடத்தைப் பெயரோடு எடுத்தால் அதன் நாள்காட்டியையும் எடுத்தாக வேண்டும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள். அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. தீவுப் பகுதிக்குள் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி நெடுங்காலமாக இருக்கிறது. சீலா மாட்டிக்கொண்ட இடத்துக்குப் போவதே ஜெயராணிக்குக் குற்றம் என்றால், வில்லனைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. வனக்காவலர் தன் வேலையைச் செய்தாலே போதும். அவரைக் கெட்டவராக்காதீர்கள், அவரும் அதே பாரைக் காப்பாற்றத்தான் நிற்கிறார்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகலாம். கோடை வெப்பத்தில் பவளம் வெளுப்பதும் இந்த மாதங்களில்தான். தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும், முங்க முடியாது. ஊர் வடகடல் (பாக்கு நீரிணை) பக்கம் திரும்பிவிடும். ஆக முதல் புத்தகத்தின் கடிகாரம் தானாகவே அமைகிறது: கடல் காலியாக இருக்கும் நாட்கள், சோழகம் வலுக்கும்வரை. 61 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் வேலை இருக்கிறது.

படி 5: 256 இடங்களில் தமிழ்

பலர் இயந்திரத்தை “உறுதிப்படுத்தப்பட்டது. செயல்முறை தொடங்குகிறது” என்று பேசவிடுவார்கள். பிற மொழிப் படத்துக்குப் போட்ட மலிவான குரல்மாற்றுபோல் இருக்கும். இயந்திரம் ஏன் அப்படிப் பேசுகிறது என்பதற்கு உள்ளே ஒரு காரணம் இருந்தால், நடை தானாக வரும்.

நீருக்கடி மோடத்தின் மெதுவான, நம்பகமான வேகம் விநாடிக்கு 80 பிட், அதாவது 10 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கைப்பேசியில் இருக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘மே’ என்பது ‘ம’வும் இரட்டைக்கொம்பும் சேர்ந்தது, ஆகவே 6. “மேலே போ” என்று சொல்ல இடைவெளியோடு 19 பைட், கிட்டத்தட்ட 2 விநாடி. ஆபத்து நேரத்தில் 2 விநாடி நீளம்.

சிக்கனமான இயந்திரம் என்ன செய்யும்? ஒரு பைட்டில் 256 வேறுபாடுகள் அடங்கும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. தமிழ் எழுத்து முழுவதும் ஒரே பைட்டில் அடங்கிவிடுகிறது! இனி எழுத்துக்கு ஒரு பைட். “மேலே போ” 4 பைட், 0.4 விநாடி. மிச்சம் 9 இடம். இந்த ஒன்பதில்தான் தொடரின் பாதி உயிர் இருக்கிறது.

முதலில், கிரந்த எழுத்துகளுக்கு இடமில்லை. ‘ஜ’ வரிசைக்கு மட்டுமே மெய்யோடு 13 இடம் வேண்டும். எனவே சீலாவால் ஜெயராணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ‘செயராணி’ என்றுதான் வரும். அவளுக்கு முதலில் எரிச்சல், பிறகு பழக்கம்.

இரண்டாவது, எண்கள் பத்து, இடமோ ஒன்பது. இடைவெளிக்கும் வினாக்குறிக்கும் வேறு வேண்டும். ஆக எண்களுக்கு இடமே இல்லை. இயந்திரம் பழைய முறைக்குப் போகிறது. ‘கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்’ என்று தமிழ் எண்களை நினைவில் வைக்க ஒரு வாய்ப்பாடு உண்டே, அதன் முதலெழுத்துகள்: க, உ, ங, ச, ரு, சா, எ, அ, கூ. ஒன்று முதல் ஒன்பது வரை, ஒவ்வொன்றும் ஓரெழுத்து. பூச்சியத்துக்கு ‘ஓ’. இதில் 6-ஐ சிலர் ‘சு’ என்றும் படிப்பார்கள். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாமல் இருங்கள். நமக்கு வேண்டியது ‘சா’.

ஏனென்றால் 61 என்பது ‘சாக’.

முதல் அத்தியாயத்தின் கடைசி வரி இதுதான். வலையில் சிக்கிக் கரைக்கு வந்த ஒரு மோடத்தின் சிறு திரையில், மணிக்கொரு தடவை, ஒரே சொல்: சாக. ஜெயராணி நடுங்கிப்போவாள். அது பேட்டரி அளவு, 61 விழுக்காடு என்று அவளுக்குப் புரிவது மூன்றாம் அத்தியாயத்தில், அதுவும் தம்பி தமிழ் எண்களை மனப்பாடம் செய்யும் சத்தத்தில். அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்புவது சிக்கனம், பிழை அல்ல. மூன்றாம் புத்தகத்தில் இதையே திருப்பிப் போடலாம்: சீலா உண்மையிலேயே சாவைப் பற்றிச் சொல்லும்போது அவள் அதை 61 என்று படித்துவிடுகிறாள்.

மிஞ்சிய ஒன்பதில் எட்டை இப்படி நிரப்புங்கள்: இடைவெளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, செய்தித் தொடக்கம், செய்தி முடிவு, கேட்டது, மறுபடி அனுப்பு, ஆபத்து. ஒன்பதாவதை வெறுமையாக விடுங்கள். ஒரே ஒரு முறைதான் அதில் எழுத முடியும் என்று விதி வையுங்கள். கூர்மையான வாசகர் ஒருவர் கேட்பார், அந்த இடத்தில் ‘இனி வருவது எண்’ என்று ஒரு குறி வைத்தால் ‘சாக’ குழப்பமே வராதே என்று. அவர் கேட்கும் முன் ஜெயராணி கேட்கட்டும். சீலா “பிறகு” என்று மூன்றெழுத்தில் மறுக்கட்டும். காரணம் சொல்ல வேண்டாம்.

படி 6: நீயா நீங்களா, அதுவா அவளா

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத வசதியும் தலைவலியும் நமக்கு இங்கே இருக்கின்றன. ‘நீ’ ஓரெழுத்து. ‘நீங்கள்’ நான்கு. சிக்கனக்கார இயந்திரம் முதல் செய்தியிலேயே ‘நீ’ என்றுதான் அழைக்கும். ஊரில் அறிமுகமில்லாத யாரும் அப்படிப் பேசினால் சண்டை வரும், அவளுக்கும் வரட்டும். “மேலே போ” நான்கு பைட், “நீங்கள் மேலே போங்கள்” பன்னிரண்டு. மரியாதைக்கு எட்டு பைட் விலை என்று அவளுக்குப் புரிந்த பிறகு, பேட்டரி வற்றிய ஒரு நாளில் அவளுடைய தாத்தாவுக்கு அனுப்பும் செய்தியில் சீலா ‘நீங்கள்’ என்று முழுதாகச் செலவழித்தால், வாசகரிடம் வேறு எதையும் விளக்க வேண்டியதில்லை.

கதை சொல்பவரின் பக்கம்தான் கடினம். தமிழ் வினைமுற்று ஒதுங்க விடாது. சீலா வந்தது, வந்தாள், வந்தான்: ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் புத்தகம் முழுக்க ‘அது’ என்றே வையுங்கள். ஜெயராணி கோபத்தில் “அவ வர மாட்டா” என்று வாய்தவறிச் சொல்லும் இடம் இரண்டாம் புத்தகத்தின் நடுவில் ஒரு முறை வரலாம். கதைசொல்லி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பலர் இந்த மாற்றத்தை ஐந்தாம் அத்தியாயத்திலேயே செய்து தீர்த்துவிடுகிறார்கள். பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

ஊர்ப்பேச்சு உரையாடலில் மட்டும் இருக்கட்டும், விவரிப்பில் வேண்டாம். கேட்டு எழுத வாய்ப்பில்லை என்றால் வட்டாரச் சொற்களை அள்ளித் தெளிக்காதீர்கள். வத்தை (சிறு படகு), பார், சோழகம், வாடை (வடகாற்று), கச்சான் (மேல்காற்று) போன்ற தொழிற்சொற்கள் சரியாக இருந்தால் போதும், உச்சரிப்பை வாசகரே சேர்த்துக்கொள்வார்.

படி 7: பேரேடு

தொடர் எழுதுபவருக்கு மறதிதான் எதிரி. கணினியில் ஓர் அட்டவணை திறந்து, அத்தியாயத்துக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். நிரல்கள்: தேதி, பிறை, காற்று, பேட்டரி மீதி, சீலா அனுப்பிய எழுத்துகள், ஜெயராணி முங்கிய எண்ணிக்கை, யார் யாருக்குக் கடன்.

பேட்டரிக்கு நீங்களே விலை வையுங்கள், வைத்த பின் மாற்றாதீர்கள். நம் தொடரில்: ஒரு நாள் சறுக்க 0.5 அலகு, 100 எழுத்து அனுப்ப 1, ஒரு முறை மேலே வந்து கரைக்குச் செய்தி சொல்ல 2. மறுமின்னேற்றம் கிடையாது.

முதல் புத்தகம் 61-இல் தொடங்குகிறது. 20 நாளுக்கு 10, மூன்று முறை மேலே வர 6, 1,500 எழுத்துக்கு 15. மிச்சம் 30. இரண்டாவதில் 14 நாளுக்கு 7, ஒரு முறை மேலே வர 2, 900 எழுத்துக்கு 9. மிச்சம் 12. மூன்றாவதில் 12 நாளுக்கு 6, ஒரு முறை மேலே 2, 400 எழுத்துக்கு 4. பூச்சியம்.

அந்த 1,500-ஐ மறுபடி பாருங்கள். ஒரு முழுப் புத்தகத்திலும் முக்கியப் பாத்திரம் ஏறக்குறைய 300 சொல்தான் பேசும். புத்தகத்துக்குப் புத்தகம் அதுவும் குறையும். நெருக்கம் கூடக் கூடப் பேச்சு சுருங்கும். திட்டமிட்டு எழுதினாலும் இப்படி ஒரு வடிவம் அமைவது அபூர்வம். கணக்கு அதைத் தானே செய்துவிடுகிறது.

கடன் நிரலை மட்டும் எண்ணில் எழுத வேண்டாம், சொல்லில் எழுதுங்கள். ‘அவளுக்காக மேலே வந்தது, 2 அலகு போனது, அவளுக்குத் தெரியாது’ என்பது மாதிரி. ஒரு புத்தகத்தின் முடிவில் கடன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அடுத்த புத்தகம் அங்கிருந்து தொடங்கும்.

படி 8: அத்தியாய அளவு

பதிமூன்று முதல் பதினெட்டு வயதுக்கு, அத்தியாயம் 1,400 சொல், புத்தகத்துக்கு 24 அத்தியாயம், ஆக 33,600 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத் தொடர்களின் சொல் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேற்றுமையும் விகுதியும் ஒட்டிக்கொண்டு நம் சொல் நீளும். அங்கே நாலு சொல்லில் சொல்வது இங்கே பல நேரம் இரண்டில் முடியும்.

மூன்றாம் அத்தியாயத்துக்குள் முதல் கொடுக்கல் வாங்கல் நடந்துவிட வேண்டும். எட்டில் ஒருவர் ஏமாற்ற வேண்டும், நல்ல காரணத்தோடு. பன்னிரண்டில் சந்திக்கும் விளிம்பு பறிபோக வேண்டும். பதினெட்டுக்கு மேல் புதுத் தகவல் எதுவும் வரக் கூடாது, இருப்பதை வைத்தே முடிக்க வேண்டும். இதைத் தாண்டிய அமைப்பு விதிகளால் பெரிதாகப் பயன் இல்லை.

படி 9: ஒரு காட்சியை விநாடியில் எழுதுவது

சாகசக் காட்சி தளர்ந்துபோவது பெரும்பாலும் நேரம் ரப்பராக இழுபடுவதால். ஒரு முங்கலுக்கு 55 விநாடி என்றால் அந்தக் காட்சியை 55 கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆழம் 10 மீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் கணக்கில் இறங்க 10, ஏற 10. கீழே கிடைப்பது 35 விநாடி.

3-ஆம் விநாடியில் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊதியாக வேண்டும், அதனால் ஒரு கை போயிற்று. 10-இல் அழுத்தம் மேலே இருந்ததைப் போல இரு மடங்கு. நுரையீரலில் உள்ள காற்று பாதி இடத்தில் சுருங்கிவிடும், உடம்பு மிதக்க மறுத்துக் கனக்கும். சிவப்பு நிறம் மங்கிப்போய், விரலில் சுற்றிய சிவப்புத் துணி பழுப்பாகத் தெரியும். 18-இல் வெப்பமானியைச் செருக வேண்டிய பொந்து கிடைக்கிறது. 27-இல் கழுத்தில் தொங்கும் திரை மின்னுகிறது. கடுகு பொரியும் இரைச்சலில் எழுத்து விழுந்திருக்கிறது: “மேலே ” என்று மட்டும் இருக்கிறது. மேலே போ என்கிறதா? மேலே படகு என்கிறதா? மறுபடி அனுப்பச் சொன்னால் 2 விநாடி போகும். அவளிடம் 18 இருக்கிறது.

இதை எழுதும்போது வாசகரிடம் விநாடியைச் சொல்லாதீர்கள். எண்ணுவது உங்களுக்கு மட்டும். வாக்கியங்களின் நீளமே மூச்சைக் காட்டும்.

ஓர் எச்சரிக்கை. முங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்தால் நெடுநேரம் தாங்கலாம் என்று நாயகி செய்வதாகப் பல கதைகளில் வரும். அது உயிரைக் குடிக்கும் பழக்கம். வேகமூச்சு ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, கரியமில வாயுவைக் குறைக்கிறது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது அந்த வாயுதான். எச்சரிக்கை மணி நின்றுபோவதால், மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து, ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும் இடத்தில் நினைவு தப்பும். வாசகர் பதினைந்து வயதுப் பிள்ளை. கிணற்றில் போய்ச் செய்து பார்ப்பார். கதையில் வைத்தே ஆக வேண்டும் என்றால், செய்பவர் தோற்கட்டும், பக்கத்தில் காப்பாற்ற ஆள் இருக்கட்டும்.

படி 10: கையெழுத்துப் பிரதியைச் சோதிப்பது

அந்த வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் கொடுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் பிடித்தது என்பார்கள். “எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாய்?” என்று கேளுங்கள். இருவர் ஒரே பக்கத்தைச் சொன்னால் அங்கே பெரும்பாலும் விளக்கவுரை இருக்கும். அடுத்து, “சீலா ஏன் மேலே வரவில்லை?” என்று கேளுங்கள். பதில் ‘பேட்டரி’ என்று வந்தால் கணக்கு புரிந்திருக்கிறது. ‘அதுக்கு அவ மேல கோவம்’ என்று வந்தால் இன்னும் நல்லது.

கடல் தெரிந்த ஒருவரிடம் காற்றும் பிறையும் சரியா என்று மட்டும் காட்டுங்கள். கதை எப்படி என்று அவரிடம் கேட்க வேண்டாம்.

படி 11: ஒன்பதாவது இடம்

கடைசிப் புத்தகத்தின் கடைசிச் செய்தியை, முதல் புத்தகத்தைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பேரேட்டில் அதற்கென்று பேட்டரியை ஒதுக்குங்கள். நான்கு எழுத்துக்கு 0.04 அலகு.

சீலா ஒன்பதாவது இடத்தில் ‘ஜெ’ என்ற எழுத்தைப் பதிந்துகொள்கிறது. ஒரு முறைதான் எழுத முடியும், எழுதிவிட்டது. ஆனால் ஜெயராணி கையில் இருக்கும் மோடத்துக்கு அந்தப் புது எழுத்து தெரியாது. அதன் அட்டவணையில் 256-ஆவது இடம் இன்னும் காலி. தெரியாத குறிக்கு எந்தத் திரையும் காட்டுவதைத்தான் இதுவும் காட்டும். வத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கும்போது திரையில் இருப்பது இவ்வளவுதான்:

□யராணி